எர்த் இருக்கா சார்?

மெல்லிசைக் கச்சேரியில் பாட்டைவிட எனக்குப் பிடித்தது பொன்னாடைக் கட்டம். பாடகர் சரணத்தில் உச்சத்துக்குப் போகும்போதுதான் ஊர்ப் பெரியவருக்குப் பொன்னாடை ஞாபகம் வரும். பின்னால் நாலு பேர், ஒரு போட்டோகிராபர், யார் வீட்டுக் குழந்தை என்று தெரியாத ஒரு குழந்தை, எல்லோரும் ஊர்வலமாக மேடை ஏறுவார்கள். ஒருவர்கூடக் கீழே பார்த்து நடக்க மாட்டார். பார்வை மொத்தமும் கேமரா மேல்.

கீழே? கறுப்பும் சிவப்புமாக முப்பது நாற்பது வயர்கள், சிக்கிய நூல்கண்டு மாதிரி. பெரியவரின் வேட்டி நுனியில் ஒன்று மாட்டும். அவர் நகர, மைக் ஸ்டாண்டும் பக்தியுடன் பின்தொடரும். கீபோர்டு திடீரென்று ஊமையாகும். பாடகர் ஒரு கையால் ஸ்டாண்டைப் பிடித்து, மறு கையால் கும்பிடு போட்டு, சுருதி விலகாமல் பாடிக்கொண்டே இருப்பார். இதற்கு மட்டும் தனியாக ஒரு கலைமாமணி கொடுக்கலாம்.

நானும் சிரித்தவன்தான். 1992 ஆடி மாதம் வரை.

அப்போது ஆபீசில் ஏழு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். நான் கிதார். கிதார் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். மூணு கார்டு சுத்தமாகத் தெரியும். நாலாவது, நாள் நன்றாக இருந்தால். டெஸ்பாட்ச் செக்‌ஷன் நண்பர் பாடகர். எஸ்.பி.பி. பாட்டு என்றால் மனிதர் உயிரை விடுவார். (இந்த வார்த்தையை இப்போது எழுதவே கை கூசுகிறது.) ரிக்ரியேஷன் கிளப் ஆண்டு விழாவில் கைதட்டல் வாங்கிய தைரியத்தில், திருச்சி பக்கம் ஒரு கிராமத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒப்புக்கொண்டோம்.

மேடை, இரண்டு டிராக்டர் டிரெய்லர்களை ஒட்டி நிறுத்தி, மேலே பலகை போட்டு, அதன் மேல் ஜமுக்காளம் விரித்தது. கரண்ட் இரண்டு இடத்திலிருந்து வந்தது. மிக்ஸருக்கும் மைக்குகளுக்கும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து. என் கிதார் ஆம்ப்ளிஃபயருக்கு அந்த வயர் எட்டவில்லை. ஆகவே கோயில் மண்டபத்து பிளக்கிலிருந்து தனியாக ஒரு லைன்.

சுவிட்ச் போட்டதும் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். கிதார் நாதம் என்று நினைத்து முன்வரிசைப் பாட்டி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்த ‘ம்ம்ம்’ என்ன என்று அப்போது தெரியாது. பிற்பாடு தெரிந்துகொண்டேன். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. அந்த ஐம்பதைக் காதால் கேட்டால் அதுதான் உறுமல். ஏறக்குறைய பியானோவின் அடி ஸ்தாயி ‘ஜி’ சுரத்துக்குப் பக்கத்தில் விழும். அமெரிக்காவில் 60 முறை. அவர்கள் உறுமலுக்குச் சுருதி வேறு. இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகி, நடுவே ஒரு ஆடியோ கேபிள் அவற்றை இணைத்தால் பெரிய வளையம் ஒன்று உருவாகிவிடும். அந்த வளையத்தில் சின்னதாக ஒரு கரண்ட் ஓடும். ஸ்பீக்கர் அதைப் பெரிதாக்கிச் சொல்லும். திண்ணை ஒரு எர்த், மண்டபம் ஒரு எர்த், நடுவில் நான்.

இதற்கு வைத்தியம் சுலபம். இரண்டையும் ஒரே பலகையில், ஒரே பிளக் வரிசையில் சொருகியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வயர் வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு அது தெரியவில்லை. கூட்டம் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது.

மைக் செட்காரர் ஐம்பது வயது மனிதர். வாயில் வெற்றிலை, தோளில் துண்டு. “எர்த்தக் கழட்டி உட்டா சத்தம் போயிரும் சார். ஆனா...” என்றார்.

“கழட்டுங்கண்ணே, முதல்ல சத்தம் நிக்கட்டும்” என்றேன்.

அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை.

பிளக்கைத் திறந்து பச்சை வயரைக் கழற்றினார். உறுமல் பட்டென்று நின்றது. கூட்டம் கைதட்டியது. நான் தலையைக் குனிந்து கைதட்டலை ஏற்றுக்கொண்டேன். ஏதோ நானே ரிப்பேர் செய்த மாதிரி.

பிளக்கில் மூன்று பின் இருக்கிறதே, மேலே தடியாக, மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக ஒன்று? அதற்கு மட்டும் ஏன் நீளம்? சொருகும்போது முதலில் உள்ளே போவதும் அதுதான், பிடுங்கும்போது கடைசியாக வெளியே வருவதும் அதுதான். கரண்ட் உள்ளே நுழையும் முன்பே காவல்காரர் வந்துவிட வேண்டும், கரண்ட் போன பிறகே அவர் போக வேண்டும் என்று ஏற்பாடு. ஆம்ப்ளிஃபயருக்குள் ஏதாவது ஒரு வயர் தோல் உரிந்து தகரப் பெட்டியைத் தொட்டால், கரண்ட் இந்தப் பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் பாயும். ஃப்யூஸ் போகும். நாம் பிழைப்போம். பச்சை வயர் இல்லையென்றால் பெட்டி முழுக்க 230 வோல்ட் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். கிதார் கேபிளின் வெளிச் சுற்று அந்தப் பெட்டியோடு சேர்ந்தது. அந்தச் சுற்று கிதாரின் தந்திகளோடு சேர்ந்தது. ஆக, தந்தியும் 230.

இதைவிட மோசம் சில ஊர்களில் பார்த்தது. பிளக்கே கிடையாது. வயரின் இரண்டு நுனியை உரித்து, சாக்கெட்டில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகுவார்கள். எர்த்துக்கு உள்ள பெரிய ஓட்டை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இன்னும் துணிச்சல்காரர்கள் தெருக் கம்பத்திலேயே கொக்கி போட்டுவிடுவார்கள். அங்கே அந்த ஓட்டைகூடக் கிடையாது.

எங்கள் கதைக்கு வருகிறேன். நாலாவது பாட்டில் ஆடித் தூறல் ஆரம்பித்தது. ஜமுக்காளம் நனைந்தது. கோயில் மேடை என்பதால் எல்லோரும் வெறுங்கால். என் ஆம்ப்ளிஃபயருக்குள் என்ன நடந்ததோ, ஈரம் இறங்கியதா, பழைய டிரான்ஸ்ஃபார்மர் விட்டுக்கொடுத்ததா, தெரியாது. என் விரலில் எதுவும் தெரியவில்லை. டிரெய்லர் நின்றது ரப்பர் டயரில். கம்பி மேல் உட்கார்ந்த காக்காய் மாதிரி சௌக்கியமாக வாசித்துக்கொண்டிருந்தேன். கரண்டுக்கு வெளியே போக வழி இருந்தால்தானே நம்மைத் தொந்தரவு செய்யும்?

வழி, டெஸ்பாட்ச் நண்பர் கையில் இருந்தது. அவர் பிடித்திருந்த மைக். உலோக மைக். கேபிள் வழியாக மிக்ஸர், அங்கிருந்து திண்ணை எர்த்.

இடையிசை வந்தது. சினிமாவில் பார்த்த மாதிரி ஸ்டைலாக என் பக்கம் ஆடி வந்தார். வலது கையில் மைக். இடது கையை என் கிதாரின் கழுத்தில் தந்தி மேல் வைத்தார்.

ஸ்பீக்கரில் ஒரு அலறல். கூட்டம் அதையும் ஸ்டைல் என்று நினைத்து விசிலடித்தது. அவர் கை மைக்கை விடவில்லை. விட முடியவில்லை. சுமார் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். ஒரு ஆம்பியரில் நூறில் ஒரு பங்குதான் அது. ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டால் அதைப் போலப் பல மடங்கு பாயலாம். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் கரண்ட் நடுவே எதைத் தாண்டிப் போகிறது என்று யோசியுங்கள். நெஞ்சை.

அந்த நேரத்தில் நான் செய்தது, வாயைப் பிளந்து நின்றது. மேடைக்குக் கீழே இருந்த மைக் செட்காரர் மட்டும் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பாய்ந்து ஒரே ஒரு பிளக்கைப் பிடுங்கினார். அங்கே பத்துப் பன்னிரண்டு பிளக் இருந்தன. எது என்று எப்படித் தெரிந்தது? எர்த்தைக் கழற்றிய அந்த பிளக்கில் மட்டும் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். அவருக்கு அந்த ‘ஆனா’ மறக்கவில்லை.

மொத்தம் மூன்று விநாடி இருக்கும். நண்பர் சரிந்து உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஒன்று, விரல் நுனிகளில் இரண்டு, சின்னச் சின்னதாக வெந்த வடு. கோலி சோடா கொடுத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது இரண்டாவது முட்டாள்தனம். ஷாக் அடித்தவர் எழுந்து சிரித்தாலும் இதயத் துடிப்பை டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். திங்கட்கிழமை ஆபீஸ் வந்தார். தபால் ஒட்டினார். அதன் பிறகு மேடையில் பாடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இது கிராமத்துக் கதை, வெளிநாட்டில் இப்படி நடக்காது என்பவர்களுக்கு: 1972 மே 3. வேல்ஸில் ஸ்வான்ஸீ நகரம். ‘ஸ்டோன் த க்ரோஸ்’ என்ற ஸ்காட்லாந்து ராக் குழுவின் கிதார்காரர் லெஸ் ஹார்வி, நிகழ்ச்சி நடக்கவிருந்த மேடையில் மைக்கைத் தொட்டார். எர்த் சரியில்லை. அங்கேயே போய்விட்டார். வயது 27. ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவில் பாடிய கீத் ரெல்ஃபுக்கு மேடைகூடத் தேவைப்படவில்லை. 1976-ல் வீட்டில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தபோது, அதே எர்த் பிரச்னை. ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸ் 1965-ல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் கிதாரால் மைக் ஸ்டாண்டைத் தள்ளப் போய், தூக்கியடிக்கப்பட்டு நினைவிழந்து விழுந்தார். பிழைத்தார். கனமான ரப்பர் அடி வைத்த ஷூதான் காப்பாற்றியது என்று இன்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கிதார் ஒரு கையில், மைக் மறு கையில் என்றால் கரண்ட் உங்கள் காலைக் கேட்காது. ஷூவை நம்பி மேடை ஏறாதீர்கள்.

அந்த 1992-க்குப் பிறகு நான் கிதார் வாசித்ததைவிட வயர் இழுத்ததுதான் அதிகம். ஆபீஸ் ஆண்டு விழா, காலனி பொங்கல் விழா என்று எங்காவது உங்களையும் ‘நீங்க கொஞ்சம் மேடையைப் பார்த்துக்குங்க’ என்று மாட்டிவிடுவார்கள். அப்போது உபயோகப்படும்.

உறுமல் வந்தால் எர்த்தின் பக்கம் கையே போகக்கூடாது. ஒலிக் கருவிகள் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்க வையுங்கள். ஜெனரேட்டரில் மூன்று ஃபேஸ் இருந்தால் விளக்குகளுக்கு வேறு ஃபேஸ், ஒலிக்கு முழுக்க ஒரே ஃபேஸ். மேடையின் இடது கோடி ஒரு ஃபேஸ், வலது கோடி ஒரு ஃபேஸ் என்று பிரித்தால், எர்த் கெட்ட நேரத்தில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 400 வோல்ட் வரை நிற்கலாம். அப்படியும் உறுமினால் டிஐ பாக்ஸ் என்று உள்ளங்கை அளவு பெட்டி விற்கிறார்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது ஆடியோ கேபிளின் வளையத்தை வெட்டும். வெட்ட வேண்டியது ஆடியோ பக்கத்தில். பிளக் பக்கத்தில் அல்ல. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் டெஸ்பாட்ச்காரர் இன்னும் பாடிக்கொண்டிருப்பார்.

மேடைக்கு வரும் மெயின் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம் வேண்டும். போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் கணக்குப் பார்க்கும் குமாஸ்தா அது. கணக்கில் 30 மில்லி உதைத்தால் யாரையும் கேட்காமல் லைனை வெட்டிவிடும். சாதாரண ஃப்யூஸோ எம்சிபியோ இதைச் செய்யாது. 16 ஆம்பியர் எம்சிபி வயரைக் காப்பாற்ற வந்தது. உங்களைக் கொல்வதற்கு வேண்டிய கரண்ட் அதன் கண்ணுக்கே தெரியாது. ஆர்சிசிபியின் முகத்தில் ‘டி’ என்று ஒரு குட்டிப் பட்டன் இருக்கும். கச்சேரிக்கு முன் அமுக்கிப் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் நல்ல சகுனம்.

வயர் போடுவதில் நம்மவர்களுக்கு ஒரு தத்துவம் உண்டு. எதுவாக இருந்தாலும் மேலே ஜமுக்காளத்தைப் போட்டு மூடு. இதில் இரண்டு கஷ்டம். மூடிய வயர் நசுங்கித் தோல் உரிந்தாலும் தெரியாது. வழுவழுப்பான மேட்டில் கால் இடறும்போதுதான் அங்கே வயர் இருப்பதே தெரியும். கரண்ட் வயர்கள் மேடையின் பின் ஓரமாகவே வரட்டும். மைக் வயர்கள் முன் ஓரமாகவும் பக்கவாட்டிலும். இரண்டும் சேர்ந்து ஓடினால் உறுமலுக்கு இன்னொரு காரணம் கிடைக்கும். தாண்டியே ஆக வேண்டிய இடத்தில் பிளஸ் குறி போலக் குறுக்கே தாண்டட்டும். படிக்கட்டு இருக்கும் பக்கம் ஒரு வயரும் வேண்டாம். பொன்னாடை அந்த வழியாகத்தான் வரும்.

நடக்கும் பாதையில் வயர் போனால் துணி டேப்பால் நீளவாக்கில் முழுசாக ஒட்டுங்கள். கடைக்காரர்கள் காஃபர் டேப் என்பார்கள். பார்சல் கட்டும் பிரவுன் டேப் சூட்டில் இளகி, பசையை வயரில் விட்டுவிடும். மறு மாதம் அந்த வயரைத் தொட்டால் பலாப்பழம் உரித்த கை. மைக் ஸ்டாண்டின் அடியில் இரண்டு சுற்று வயரை உபரியாக விட்டு வையுங்கள். யாராவது இழுத்தால் அந்தச் சுற்றுதான் நகரும், ஸ்டாண்ட் நிற்கும். கிதார்காரர் வயரைத் தோள் பட்டைக்குள் ஒரு முறை விட்டுச் சொருக வேண்டும். காலால் மிதித்தாலும் சொருகு கழன்று வராது.

சக்கரத்தில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் வயர் வைத்திருப்பார்கள். பத்தடி போதும் என்று பத்தடி மட்டும் உருவி, மிச்சத்தை அப்படியே விட்டு, ஹாலஜன் விளக்குகளை மாட்டினால், சுற்றிக் கிடக்கும் வயருக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை உருகும். பாதி கச்சேரியில் ரப்பர் தீயும் நாற்றம் வந்தால் அங்கே போய்ப் பாருங்கள். முழுக்க உருவிப் பரப்பிப் போடுவதுதான் சரி.

கடைசியில் சுற்றி வைப்பது. நம் மைக் செட் பையன்கள் முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே கொடிக்கயிறு சுற்றுவது மாதிரி விறுவிறு என்று சுற்றுவார்கள். பார்க்க அழகு. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் செம்பு இழை முறுக்கிக்கொள்ளும். சில மாதத்தில் உள்ளுக்குள் அறுந்து, ஆட்டினால் பாடும், விட்டால் ஊமை. ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்றைக் கையை உள்பக்கம் திருப்பி மடக்கிப் போட்டால் முறுக்கு ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். அடுத்த நாள் நுனியைப் பிடித்து வீசினால் பாம்பு மாதிரி நேராக ஓடும். பழக ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் கொடிக்கயிற்றில் பழகலாம். மனைவி பார்க்காத நேரமாக.

அப்படியும் யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். எந்த மெயின், எங்கே இருக்கிறது என்பதைப் பாட்டு ஆரம்பிக்கும் முன் தெரிந்து வைத்திருப்பது உங்கள் வேலை. மூச்சு இல்லையென்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் உடனே ஆரம்பிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன். டெஸ்பாட்ச் நண்பரின் பேத்திக்கு. இருவருக்கும் ரிட்டயர் ஆகிப் பல வருஷம். இப்போது பாடகர்கள் கையில் வயர்லெஸ் மைக். பாதி வயர் போய்விட்டது. பொன்னாடைக்காரர்களும் தடுக்கி விழுவதில்லை. ஆனால் கீபோர்டு, டிரம் பேட், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அங்கேயேதான் சொருகியிருக்கின்றன. பந்தியில் உட்காராமல் நான் மேடைக்குப் பின்னால் நழுவினேன். அங்கே எனக்கு முன்பே டெஸ்பாட்ச்காரர் நின்றுகொண்டிருந்தார், பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பிளக் பலகைக்கு மேல் குனிந்தபடி.

ஒலி அமைப்புப் பையனுக்கு இருபது வயது இருக்கும். இடுப்பில் காஃபர் டேப் உருளை. “ஓரமா நில்லுங்க அங்கிள், கேபிள் இருக்கு” என்றான்.

“எர்த் இருக்கா தம்பி?” என்றார் இவர்.

பையன் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்காமல் விளக்கடித்துக் காட்டினான். எல்லாம் மூணு பின். கடைசியாக ஓரத்தில் ஒன்று மட்டும் இரண்டு பின்.

“இது?”

“இது நம்மது இல்ல அங்கிள். மாப்பிள்ளையோட ஃப்ரெண்டு போன் சார்ஜ் போட்டிருக்காரு.”

டெஸ்பாட்ச்காரர் அதைப் பிடுங்கிப் பையன் கையில் கொடுத்துவிட்டு, என் தோளில் கையைப் போட்டு, “வா, பந்திக்குப் போலாம்” என்றார்.